பிரேக் ஆயிலும் மலைப் பாதையும்

கரோல் பாகில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் காரோ, மோட்டார் சைக்கிளோ, ஸ்கூட்டரோ ஏதேனும் ஒன்று வாசலில் நிற்பது இந்நாளில் சாதாரணமாகிவிட்டது. என்ஜின் ஆயிலைக் காலத்தில் மாற்றுகிறோம். டயருக்குக் காற்று அடிக்கிறோம். வண்டிக்குத் திருஷ்டி படாமலிருக்க எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறோம். ஆனால் ஓடுகிற வண்டியை நிற்கச் செய்யும் திரவம் ஒன்று அதனுள் இருக்கிறது என்பதையும், அதற்கும் ஆயுள் உண்டு என்பதையும் நினைப்பவர் மிகச் சிலரே. சென்ற ஆண்டு ஜூன் மாதம் வரையில் நானும் நினைத்தவனல்லன்.

பள்ளி விடுமுறைக்காகக் கும்பகோணத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார்கள். டில்லி வெயில் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆகவே மனைவி, இரண்டு குழந்தைகள், மாமியார் ஆகியோரை ஏற்றிக்கொண்டு, மூன்று ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் கையாக வாங்கிய எங்கள் சிறிய காரில் முசூரிக்குப் புறப்பட்டேன். இரண்டு நாள் குளிர்ச்சியாகக் கழிந்தது. மூன்றாம் நாள் காலை டேராடூனை நோக்கி இறங்கத் தொடங்கினோம். இறக்கந்தானே, பெட்ரோலை ஏன் வீணாக்க வேண்டும் என்ற குமாஸ்தாவின் சிக்கன புத்தி எனக்கு. கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தவாறே வந்தேன்.

பாதி வழியில் மாமியார், "மாப்பிள்ளை, ஏதோ கருகுகிற நாற்றம் வருகிறதே" என்றார்கள். முன்னால் போகும் லாரியின் நாற்றமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, கால் பஞ்சு மூட்டையில் இறங்குவதுபோல் இறங்கியது. மறுபடி மிதித்தேன். மிதி தரையைத் தொட்டது. வண்டியின் வேகம் குறையவில்லை. இடப்புறம் மலைச்சுவர், வலப்புறம் பள்ளம். எப்படியோ மூன்றாம் கியரையும், அதன்பின் இரண்டாம் கியரையும் போட்டு, கைபிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து, மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினேன். அப்போதும் குழந்தைகள் பின்னால் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தன. என் மனைவி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாதிருந்தாள்.

அங்கே ஒரு தேநீர்க்கடை இருந்தது. நாற்பது நிமிஷங்கள் கழித்து மீண்டும் மிதித்துப் பார்த்தேன். பிரேக் முன்போலவே கெட்டியாக இருந்தது! செருப்பு வழுக்கியதோ, நான்தான் பயந்துவிட்டேனோ என்றுகூட எண்ணினேன். இப்படிச் சற்று நேரத்தில் தானே சரியாகிவிடுவதுதான் இந்நோயின் வஞ்சகம் என்பதைப் பிறகே அறிந்தேன். இரண்டாம் கியரிலேயே ஊர்ந்து டேராடூன் சேர்ந்தோம்.

ஊர் திரும்பிய பின் வந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியை நாயிவாலாப் பக்கம் ஓட்டிச் சென்றேன். திங்கட்கிழமை கரோல் பாக் கடைகளுக்கு விடுமுறை என்பது அன்பர்கள் அறிந்ததே. (புதிதாக வந்த நம்மவர் அத்தெருவின் பெயரைக் கேட்டுச் சிரிப்பதுண்டு, இந்தியில் நாயி என்றால் நாவிதர்.) மோட்டார் சைக்கிள் சாமான்களுக்கும் கார் அலங்காரப் பொருள்களுக்கும் பெயர் பெற்ற சந்து அது. அங்கே வயது முதிர்ந்த சர்தார்ஜி மெக்கானிக் ஒருவர், நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, மூடியைத் திறந்து ஓர் ஊசிக்குழாயால் கொஞ்சம் திரவத்தை உறிஞ்சிக் கண்ணாடித் தம்ளரில் விட்டார். நம் வீட்டு டிகாஷனுக்கும் அதற்கும் நிறத்தில் வித்தியாசமில்லை. பக்கத்தில் இன்னொரு தம்ளரில் புதியதைச் சிறிது ஊற்றினார். அது இளமஞ்சளாய், அடி தெரியத் தெளிவாக இருந்தது. பேனா போன்ற ஒரு கருவியைப் பழைய திரவத்தில் தோய்த்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. "பாபுஜி, இதில் பாதி தண்ணீர் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கக் கூடாத அளவு இருக்கிறது. இதை எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டார்.

விடை என்னிடம் இல்லை. வழக்கமாக நான் வண்டியைக் கொடுத்துவந்த பட்டறையில் ஆண்டுதோறும் 'பிரேக் ஆயில் பார்க்கப்பட்டது' என்று சீட்டில் குறியிட்டே தந்தார்கள். பார்த்தார்கள் என்பது உண்மையாகவே இருக்கலாம். குறைந்திருந்தபோது மேலே கொஞ்சம் ஊற்றியும் இருப்பார்கள். ஆனால் பார்ப்பது வேறு, ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. ஏழு ஆண்டு வயதுள்ள அவ்வண்டியில் அத்திரவம் ஒருமுறையேனும் முழுவதும் மாற்றப்பட்டதாகத் தெரியவில்லை.

பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவன் நான். எனினும் அவர் சொன்னதை விளங்கிக்கொள்ள அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது. மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டதைப் பள்ளியில் படித்திருக்கிறோம். நாம் மிதிக்கும் அழுத்தத்தை அந்தத் திரவம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் கொண்டுபோகிறது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது. ஆகையால் காலின் வலிமை அப்படியே சக்கரத்தைச் சேர்கிறது. ஆவியையோ அமுக்கலாம். திரவத்தினுள்ளே ஆவிக்குமிழ்கள் உண்டாகிவிட்டால், நம் மிதியெல்லாம் குமிழ்களைச் சுருக்குவதிலேயே செலவாகும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. சூடு ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகும். பிரேக்கும் உயிர் பெறும். தேநீர்க்கடையில் நான் கண்ட அதிசயம் இதுவே.

இத்தனை சூடு எங்கிருந்து வருகிறது? முசூரிக்கும் டேராடூனுக்கும் உயரத்தில் ஏறத்தாழ 1,300 மீட்டர் வித்தியாசம். ஆட்களும் மூட்டையுமாக 1,200 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். சாதாரணத் தண்ணீர் சுமார் 45 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். கியரில் இறங்கினால் இதில் பெரும்பங்கை என்ஜின் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் காற்றின் தடை போக எஞ்சியதெல்லாம் பிரேக்கின் தலையில்தான் விடியும். பெட்ரோல் மிச்சமும் வெறும் கனவே. இக்காலத்து வண்டிகளில், கியரிலிருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் வந்தால் என்ஜினுக்குப் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ என்ஜின் அணையாமலிருக்க அது குடித்துக்கொண்டேயிருக்கும். பத்து ரூபாயை மிச்சப்படுத்த எண்ணி, அதையும் இழந்து, ஐந்து உயிர்களைப் பணயம் வைத்தவன் நான்.

நமக்கெல்லாம் பிரேக் 'ஆயில்' என்று சொல்லிப் பழக்கம். டில்லி மெக்கானிக்குகளும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் அது எண்ணெய் அன்று. தொடக்க காலத்தில் எண்ணெயாக இருந்தது உண்டு. விமானத் தொழிலால் பெயர் பெற்ற லாக்ஹீட் சகோதரர்களுள் ஒருவரான மால்கம் என்பவர் 1917-இல் இந்தத் திரவ பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் அமெரிக்காவில் டூசன்பர்க் என்னும் கார் இதனுடன் வெளிவந்தது. அக்காலத்தில் நம் விளக்கெண்ணெயில் ஆல்கஹாலைக் கலந்தே ஊற்றினார்கள். இன்று பெரும்பாலான வண்டிகளில் இருப்பது கிளைக்கால் ஈதர் வகையைச் சேர்ந்த ரசாயனத் திரவம். பெயரில் ஆயில் என்றிருப்பதை நம்பி, அவசரத்துக்கு என்ஜின் ஆயிலை ஊற்றிவிடுவோர் இன்றும் உளர். உள்ளேயுள்ள ரப்பர் வளையங்கள் அதில் ஊறிப் பருத்துக் கெட்டுவிடும். பிறகு பிரேக் சாமான்கள் பலவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியதுதான். என்ஜின் ஆயில் இருந்த புனலைத் துடைத்துவிட்டு உபயோகிப்பதும் கூடாது.

கிளைக்கால் திரவத்துக்கு ஒரு சுபாவம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஆடி, ஆவணியில் நம் சமையலறை உப்பு ஜாடி கசிவதையும், டப்பாவைச் சரியாக மூடாவிட்டால் அப்பளம் நமத்துப்போவதையும் பார்க்கிறோமல்லவா? மூடியின் நுண்துளை வழியாகவும், சக்கரத்துக்குச் செல்லும் ரப்பர்க் குழாய்களின் சுவர் வழியாகவும் ஈரம் மெல்ல மெல்ல உள்ளே போய்ச் சேருகிறது. வண்டி ஓடினாலும் போகும். வாசலில் நின்றுகொண்டிருந்தாலும் போகும். ஆகையால், 'நான் அதிகம் ஓட்டுவதில்லையே' என்று சமாதானம் சொல்லிக்கொள்ள இடமில்லை. இதற்கு நாட்காட்டிதான் கணக்கு, கிலோமீட்டர் அன்று. ஈரத்தை இழுக்கும் இச்சுபாவம் முற்றிலும் குற்றமென்றும் சொல்வதற்கில்லை. உள்ளே புகுந்த நீர் திரவத்தோடு கலவாமல் தனியே ஓரிடத்தில் தங்கினால், அங்கே குழாய் துருப்பிடிக்கும். 100 டிகிரியிலேயே கொதித்தும்விடும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. டப்பாக்களின்மேல் டாட் 3, டாட் 4 என்று எண்கள் இருக்கும். அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவின் பெயர்ச் சுருக்கமே டாட் என்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு கொதிநிலைகளை அந்த இலாகா விதித்திருக்கிறது: ஒன்று புதிய திரவத்துக்கு, மற்றொன்று சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்த பிறகு. டாட் 3 புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேட் தாங்க வேண்டும். நீர் கலந்தால் 140. டாட் 4-க்கு 230, நீர் கலந்தால் 155. டாட் 5.1-க்கு 260, நீர் கலந்தால் 180. நூற்றில் நான்கு பங்குகூட இல்லாத நீர், கொதிநிலையில் 65 முதல் 80 டிகிரி வரை பறித்துக்கொண்டு போகிறது! புதிய டாட் 3, ஈரமேறிய டாட் 4-ஐவிட எவ்வளவோ மேல் என்பதும் இதிலிருந்து விளங்கும். விலை உயர்ந்ததை ஒருமுறை ஊற்றிவிட்டு மறந்துவிடுவதைவிட, வண்டிக்கு உரியதைக் காலத்தில் மாற்றுவதே சிறந்தது.

வண்டிக்கு உரியது எது என்பதை யாரையும் கேட்க வேண்டியதில்லை. திரவத் தொட்டியின் மூடியின்மேலேயே பெரும்பாலும் எழுதியிருக்கும், கையேட்டிலும் இருக்கும். டாட் 3 என்றிருக்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 3 ஊற்றலாகாது. இதில் ஒரு பெயர்க் குழப்பமும் உண்டு. பெயர் வைத்தவர்களை நான் மன்னிப்பதாக இல்லை. டாட் 5 வேறு, டாட் 5.1 வேறு. 5.1 என்பது 3, 4 ஆகியவற்றின் இனம். வெறும் 5 என்பதோ சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலவாது, பெரும்பாலும் ஊதா நிறச் சாயம் ஏற்றியிருக்கும். ஏ.பி.எஸ். பொருத்திய வண்டிக்கு அது ஏற்றதன்று. 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதால், வீட்டுப் பிள்ளைகள் 'நம்பர் பெரியது, நல்லது' என்று வாங்கிவராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பி வடத்தால் இழுக்கும் டிரம் பிரேக் உள்ள ஸ்கூட்டர்களுக்கு இத்தொல்லை எதுவுமில்லை. அவற்றில் திரவமே கிடையாது.

பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது முறை. கையேடு வேறு கணக்குச் சொன்னால் அதன்படியே செய்யலாம். வாங்கும்போது முத்திரை உடையாத சிறிய டப்பாவாக, தயாரித்த தேதி பார்த்து வாங்க வேண்டும். கடையின் அலமாரியில் பாதி தீர்ந்து நிற்கும் டப்பாவிலிருந்து ஊற்ற வந்தால், கூச்சப்படாமல் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். திறந்த டப்பா அங்கே நின்றபடியே ஈரத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது. மிஞ்சியதை அடுத்த முறைக்கென்று வீட்டில் சேமிப்பதும் வீண் சிக்கனமே. அதிலும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது பெருந்தவறு. அது விஷம், குழந்தைகள் உள்ள வீட்டில் சொல்லவே வேண்டாம். வண்டியின் வர்ணத்தின்மேல் சிந்தினால் வர்ணம் உரிந்துவிடும். துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

மாற்றுகிற வேலையை நாமே செய்வது உசிதமன்று. ஆனால் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சிறு திருகில் கண்ணாடிபோன்ற குழாயை மாட்டி, ஒருவர் மிதிக்க மற்றவர் திருகைத் திறந்து மூட, கறுத்த திரவம் முழுவதும் வெளியேறித் தெளிந்தது வரும் வரை செய்ய வேண்டும். இடையில் மேல்தொட்டி வற்றிவிட்டால் காற்றுப் புகுந்துவிடும். மேல்தொட்டியில் உள்ளதை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதியதை நிரப்பி, 'ஆயிற்று' என்று சொல்பவரை நம்பலாகாது. சக்கரத்தருகில் சூடு ஏறும் இடத்தில் இருப்பது பழையதேயாகும். வேலை முடிந்து வண்டியை நகர்த்துமுன் நாலைந்து தடவை மிதித்துக் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

இன்னொன்று. தொட்டியில் அளவு குறைந்தால் உடனே ஊற்றி நிரப்புவது பலருடைய வழக்கம். பிரேக் கட்டைகள் தேயத் தேய அளவு சிறிது சிறிதாக இறங்குவது இயல்பு. அது கட்டையைப் பார் என்று சொல்லும் அறிவிப்பு. அளவு திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். இரண்டிலும், காரணத்தை அறியாமல் ஊற்றி மூடுவது, ஜுரத்தைப் பார்க்காமல் தெர்மாமீட்டரை உதறி வைப்பதைப் போன்றது.

ரயில்வேயில் வேலை பார்ப்பவன் என்பதால் ஓர் ஒப்புமை என் மனத்தை விட்டு அகலவில்லை. ரயிலின் பிரேக் காற்றால் இயங்குவது. வண்டி நெடுகச் செல்லும் குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும் வரையில் பிரேக் விலகியிருக்கும். பெட்டி கழன்றாலோ, குழாய் அறுந்தாலோ காற்று வெளியேறி, பிரேக் தானே பிடித்துக்கொள்ளும். அதாவது, கோளாறு நேர்ந்தால் வண்டி நிற்கும். காரில் இது தலைகீழ். அழுத்தம் போனால் பிரேக்கும் போயிற்று. இதற்காகவே இக்காலத்துக் கார்களில் குழாய்களை இரு பிரிவாக அமைத்து, ஒன்று கசிந்தாலும் மற்றது பிடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஆனால் இரு பிரிவிலும் ஓடுவது ஒரே வயதுடைய, ஒரே அளவு ஈரமேறிய திரவமல்லவா? மலையிறக்கத்தில் இரண்டும் சேர்ந்தே கொதிக்கும். அன்று எங்களைக் காத்த கைபிரேக், திரவமின்றிக் கம்பி வடத்தால் பின்சக்கரங்களைப் பிடிப்பது.

இதை நான் எழுதப் புகுந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஆண்டுதோறும் கோடையில் நம் ஊர்ப் பிள்ளைகள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும் வந்திறங்கி, கரோல் பாகில் மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு லடாக் புறப்படுகிறார்கள். புறப்படுவதற்கு முன் இரண்டொரு நாள் நம் வீடுகளில் தங்குபவர்களும் உண்டு. கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேற்பட்ட உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழப் பாதிதான். உயரே போனால் அரிசி வேகாததற்கு எது காரணமோ, அதுவே இங்கும். எந்தத் திரவமும் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஈரமேறிய திரவத்துடன் அவ்வளவு உயரத்திலிருந்து இறங்குவது எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. வாடகை வண்டியின் திரவம் எத்தனை ஆண்டுப் பழையது என்பது கடைக்காரருக்கே நினைவிருக்காது. தொட்டியிலுள்ள சிறு கண்ணாடி வழியே நிறத்தைப் பார்க்கலாம். நிறம் மட்டும் முழுச் சாட்சியாகாது. தெளிவாகத் தோன்றுவதிலும் ஈரம் இருக்கக் கூடும். ஆகவே அந்தப் பேனாக் கருவியால் ஒருமுறை சோதிக்கச் சொல்வது நல்லது. அதற்கு ஒரு நிமிஷத்துக்குமேல் ஆகாது. சந்தேகமிருந்தால் புதியதாக மாற்றித் தரச் சொல்லி, மாற்றுவதை நின்று பார்த்துவிட்டே புறப்பட வேண்டும். விடுமுறைக்கு ஊர் சென்று, மசினகுடியை நோக்கிக் கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குபவர்களுக்கும், கொல்லிமலையின் 70 வளைவுகளில் இறங்குபவர்களுக்கும் இது பொருந்தும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்லிவந்ததை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சர்தார்ஜி அன்று ஒரு மணி நேரத்துக்குமேல் வேலை செய்தார். நான் மிதித்தேன்; அவர் திருகினார். கடைசிச் சக்கரத்திலும் தெளிந்த திரவம் வந்த பிறகு, ஒரு துண்டுக் காகிதத்தில் அன்றைய தேதியை எழுதி, என்ஜின் மூடியின் உட்புறத்தில் ஒட்டச் சொன்னார். தமிழில் எழுதி ஒட்டினேன். "என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று எனக்குப் புரியாதே, பாபுஜி" என்று சிரித்தார். எண்களைக் காட்டினேன், தலையை ஆட்டினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் அவரிடம் மீண்டும் போக வேண்டும்.